இறாலும் விராலும் ஒரே குட்டையில் வளருமா?

மழை நீரைத் தேக்கும் பொருட்டு நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக் குட்டை வெட்டிக்கொண்ட மிராசுதார்களுக்கு, அக்குட்டை நிரம்பிய வருஷத்திலேயே இரண்டாவது ஆசை ஒன்று உண்டாவது இயல்பு. ஜலம் சும்மா கிடக்கிறதே, அதில் மீனும் வளர்க்கலாமே என்பது அந்த ஆசை. ஜவ்வாது மலையில் சாமையையும் புளியையும் நம்பி வாழும் குடியானவர்களுக்கு அது மிகவும் தகுந்த ஆசையே ஆகும். ஆனால் அதனோடு மூன்றாவது ஆசையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. விராலுக்கு நல்ல விலை உண்டு; நன்னீர் இறாலுக்கும் நல்ல விலை உண்டு; விரால் மேல் நீரிலும் இறால் அடித்தரையிலும் இருக்கட்டுமே, ஒரு குட்டையில் இரண்டு வரும்படி கிடைக்குமே என்பதுதான் அது. இந்த மூன்றாவது ஆசை பணத்தைத் தண்ணீரில் போடுவதாகவே முடியும் என்பதை விவசாயிகள் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம்.

இவ்வாசைக்கு ஆதாரமாக, பட்டணத்தில் கண்ட காட்சியைச் சிலர் எடுத்துக் காட்டுவதுண்டு. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே பொது ஜனங்களுக்காக மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது. இக்காலத்திலோ தனவந்தர் வீடுகளிலும் விடுதிகளிலும் உப்புநீர்க் கண்ணாடித் தொட்டிகள் வைக்கப்படுகின்றன. அவற்றுள் களவா மீனும், அஞ்சாலை என்னும் கடல் விலாங்கும் வாயைத் திறந்துகொண்டு அசையாது நிற்க, சிவந்த முதுகில் வெள்ளைக் கோடுடைய சிறு இறால் ஒன்று அவற்றின் பற்களுக்கிடையே தாராளமாகப் புகுந்து வருவதைக் காணலாம். கண்டவர் வியப்பது நியாயமே. ஆயினும் அந்த இறால் செய்யும் வேலை யாது என்பதைக் கவனிக்க வேண்டும். மீனின் வாயிலும் செவுளிலும் ஒட்டிய ஒட்டுண்ணிகளையும் அழுகிய தசையையும் அது பொறுக்கித் தின்கிறது. பவளப் பாறைகளில் இத்தொழிலை நடத்தும் ஜாதி அது. தன் மேனியைச் சுத்தம் செய்யும் அவ்வேலைக்காரனைக் களவா பெரும்பாலும் தின்னாமல் விடுகிறது. அதே தொட்டியில் வேறு ஜாதி இறாலைப் போட்டால் அது மறுநாள் காலை இராது. நாவிதருக்குக் கழுத்தை நீட்டுகிறவர் எல்லோருக்கும் நீட்டுவார் என்று எண்ணலாகாது. நமது குட்டையில் வளரும் நீலக்கால் இறால் விராலுக்கு எவ்வித ஊழியமும் செய்வதில்லை. அது விராலுக்கு ஆகாரம், அவ்வளவே.

இறாலுக்கு வலிய கொடுக்கு இருக்கிறதே, தன்னைக் காத்துக்கொள்ளாதோ என்று கேட்கலாம். ஓடு கெட்டியாயிருக்கும் வரையில் பெரிய இறால் ஓரளவு காத்துக்கொள்ளும் என்பது மெய். ஆனால் இறாலின் உடல் வளரும். அதன் ஓடு வளராது. ஆகவே பழைய ஓட்டைக் கழற்றி எறிந்தாலன்றி இறால் பெருக்காது. குஞ்சுப் பருவத்தில் சில தினங்களுக்கு ஒருமுறையும், வளர்ந்த பின் சில வாரங்களுக்கு ஒருமுறையும் இது நடைபெறும். ஓட்டைக் கழற்றிய இறால் வெண்ணெய்போல் மெத்தென்று, ஓடவும் திராணியின்றி, புதிய ஓடு இறுகும் வரையில் எங்கேனும் ஒதுங்கிக் கிடக்கும். அந்தச் சமயத்தில் அதன் சொந்த இனமே அதைத் தின்னும் என்றால், விரால் விட்டுவைக்குமா? ஆறு மாதமோ எட்டு மாதமோ வளர்க்க வேண்டிய ஒரு ஜீவன் இத்தகைய இரவுகளை எத்தனை முறை கடக்க வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தால், பெரிய இறாலாகப் பார்த்து விட்டால் தப்பிவிடும் என்னும் யோசனையும் நில்லாது என்பது விளங்கும்.

மூங்கில் கிளைகள், பனையோலை, உடைந்த ஓடு ஆகியவற்றை அடியில் இட்டு ஒளியுமிடம் ஏற்படுத்தலாம். இறால் தனியே வளரும் குட்டைக்கு இது அவசியமான காரியம். ஒன்றையொன்று தின்பது இதனால் குறையும். விரால் உள்ள குட்டையிலோ, அந்தப் புதரே விராலுக்குப் பதுங்குமிடமாகிவிடும். நீர்ப் பூண்டுகளுக்கிடையே அசையாமல் கிடந்து, வரும் இரையைப் பாய்ந்து பற்றுவது விராலின் சுபாவம். வயிறு நிறையத் தீனி போட்டு வளர்த்தால் இறாலைத் தொடாது என்று சொல்வாரும் உளர். ஆட்டுக் கொட்டிலில் நரியைச் சோறிட்டு வளர்க்கும் யோசனை இது.

விராலை விடாமலிருந்தால் மட்டும் போதாது. அது தானே வந்து சேரும். செவுளோடு காற்றையும் சுவாசிக்கும் மீனாதலால், விரால் மழை இரவில் ஈரத் தரைமீது நெளிந்து ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும். நீர் வற்றினால் சேற்றில் புதைந்து உயிர் தரிக்கும். குறவையும் தேளியும் இவ்விதமே. கரையோரப் பூண்டுகளுக்கிடையே சிவந்த நிறமுள்ள பொடிக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து அமிழ்வதைக் கண்டால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அறிந்து, அவ்வருஷம் இறால் குஞ்சு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

அப்படிப்பட்ட குட்டையைச் சுத்தம் செய்ய இலுப்பைப் புண்ணாக்கைவிடச் சிறந்தது வேறில்லை. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஓர் ஏக்கர் நீருக்குச் சுமார் 1,000 கிலோ வேண்டும். ஆகையால் நீரை முதலில் ஓர் அடிக்கு இறைத்துவிட்டால், பத்து சென்டு குட்டைக்குச் சுமார் 30 கிலோவே போதுமானது. அதிலுள்ள சப்போனின் என்னும் வஸ்து மீனின் சிவந்த இரத்த அணுக்களைச் சிதைத்துக் கொல்லும். இறாலின் இரத்தமோ வேறு விதமானது. இரும்புக்குப் பதிலாகத் தாமிரம் கலந்தது. கடலோர இறால் பண்ணைகளில், இறால் உள்ளபோதே தேயிலை விதைப் புண்ணாக்கைத் தக்க அளவில் இட்டு மீனை மட்டும் ஒழிப்பது இக்காரணத்தாலேயே சாத்தியமாகிறது. புண்ணாக்கு இட்ட பின் மூன்று வாரம் கழித்தே குஞ்சு விட வேண்டும். விஷம் நீங்கிய பின் அதுவே எருவாகும். சேற்றில் புதைந்த விராலுக்கு மாத்திரம் வெயிலே மருந்து. கோடையில் தரை வெடிக்கும்படி குட்டையைக் காயவிடுவது நலம். நீர் வரும் வாயிலுக்குக் கண்ணி நெருங்கிய வலை கட்டுவதும், கரையைச் சுற்றி இரண்டடி உயரம் வலை நிறுத்துவதும் அற்பச் செலவே.

இவ்வளவு செய்தாலும், மலைமேல் இறால் வளர்ப்பது எல்லோருக்கும் ஏற்றதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். நீலக்கால் இறால் 28 முதல் 31 செண்டிகிரேடு பாகை வெப்பமுள்ள நீரில் செழிப்பது. 14 பாகைக்குக் கீழே பிழைப்பது அரிது. வானாராய்ச்சி நிலையம் அமைந்துள்ள காவலூர் கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் மார்கழி, தை மாதத்துப் பனியில் ஆழமற்ற குட்டையின் நீர் குளிர்ந்து, இறால் சாகாவிடினும் தின்னாது, வளராது. ஐப்பசியில் நிரம்பிச் சித்திரையில் வற்றும் மழைக் குட்டைக்கு, மத்தியில் இரண்டு மாதம் வீணானால் மிச்சம் என்ன? குஞ்சும் சுலபமாகக் கிட்டுவதன்று. இவ்விறாலின் இளங்குஞ்சுக்கு உப்புக் கலந்த நீர் இன்றியமையாதது என்பதை 1961-ஆம் ஆண்டில் மலேயாவிலுள்ள பினாங்கில் ஷாவோ-வென் லிங் என்பவர் கண்டறிந்தார். ஆதலால் கடலை அண்டிய பொரிப்பகங்களிலிருந்தே குஞ்சுகளைக் கொண்டுவர வேண்டும். மலைப்பாதையில் ஏற்றி வந்த குஞ்சை விராலுக்கு இரையிடுவதைப்போன்ற நஷ்டம் வேறில்லை.

ஆகவே மலைமேல் மழைக் குட்டை மட்டும் உள்ளவர் விராலையே தனியாக வளர்க்கலாம். அல்லது கெண்டை வகைகளை விடலாம். வருஷம் முழுவதும் கிணற்று நீர் பாய்ச்ச வசதியுள்ள அடிவாரத்து நிலக்காரர்கள் மாசி மாதத்தில் இறால் குஞ்சு விட்டு, துணைக்குக் கட்லாவும் ரோகுவும் வளர்க்கலாம். அவை மேல் நீரிலும் நடு நீரிலும் மேய்வன. இறாலைத் துரத்துவன அல்ல. அடித்தரையைக் கிளறித் தின்னும் மிர்காலும் சாதாக் கெண்டையும் இறாலின் தீனிக்குப் பங்காளிகளாதலால் அவை வேண்டா.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் தேசத்தில் வளர்க்கத் தடைசெய்யப்பட்ட மீன். விரைவில் கனக்கும் என்று ஆசை காட்டி அதன் குஞ்சை விற்பவர் உண்டு. அது விராலினும் பெருந்தீனிக்காரன். குட்டை உடைத்துக்கொண்டால் ஓடை வழியே, இம்மலையில் பிறக்கும் செய்யாற்றுக்கும் போய்ச் சேரும். பொது ஏரிகளின் மீன்பாசிக் குத்தகையை ஏலம் விடும்போது, இன்ன மீன் குஞ்சுதான் விடலாம், ஆப்பிரிக்கக் கெளுத்தி கூடாது என்று நிபந்தனைப் பத்திரத்திலேயே எழுதி, குஞ்சு இறக்கும் நாளன்று ஒருவர் நேரில் நின்று பார்த்துக் கையொப்பம் இடும்படி செய்ய வேண்டும்.