ஒரு சாய்கோட்டுக்காகத் தமிழைப் பழிக்கலாமா?

“தமிழ் எழுத்து என்றாலே இப்படித்தான். பேசாமல் பக்கங்களைப் படம் பிடித்துப் போட்டுவிடலாம்.” பல்கலைக்கழகத் தமிழ்க் கழகக் கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். தவறு தமிழில் இல்லை. நான் எழுதிய வார்ப்புருவில் இருந்தது.

பத்து பெரண்டாமில் இருக்கும் என் பாட்டியின் தாலாட்டுகளையும் வேறு சிலரின் தோட்டத்து நினைவுகளையும் தொகுத்திருந்தோம். ஒரே வார்ப்புருவிலிருந்து இணையப் பக்கமும் இபப் மின்னூலும் வரவேண்டும் என்பது திட்டம். இணையப் பக்கம் அழகாக வந்தது. மின்னூலில் தாலாட்டுக்குப் பதில் பிழைச் செய்திதான் வந்தது.

காரணம் இதுதான். வரியை முறிக்க ‘பிஆர்’ என்ற டேக்கைப் போட்டிருந்தேன். அதற்குள் எதுவும் இராது என்பதால், எச்டிஎம்எல்லில் அதை மூடத் தேவையில்லை. இபப் நூலின் பக்கங்களோ எக்ஸ்எம்எல் விதிக்குக் கட்டுப்பட்டவை. அங்கே திறந்த ஒவ்வொன்றையும் மூடியாக வேண்டும். வெற்று டேக் என்றால் கடைசியில் ஒரு சாய்கோடு போதும்.

சரியென்று இரண்டையுமே எக்ஸ்எம்எல் முறையில் வெளியிடச் செய்தேன். மின்னூல் திறந்தது, இணையப் பக்கம் கெட்டது! படமில்லாத கட்டுரைகளில் வெறுமையாக நின்ற ‘டிவ்’ பெட்டியை வார்ப்புரு எந்திரம் சுருக்கி, சாய்கோட்டோடு முடித்திருந்தது. எச்டிஎம்எல் படிக்கும் உலாவி அந்தச் சாய்கோட்டைப் பொருட்படுத்தாது. ‘பிஆர்’ என்றால் அதனால் பாதகமில்லை. ‘டிவ்’ என்றால் பெட்டி மூடப்படாமலே கிடக்கும். கட்டுரை முழுவதும் படத்துக்கான சாம்பல் பெட்டிக்குள் போய்விட்டது.

ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளை மலாய்ப் பாடத்தில் ‘ஆயேர்’ என்று படித்தோம், தண்ணீர். ஆங்கிலப் பாடத்தில் அதுவே ‘ஏர்’, காற்று. எந்தப் பாடம் என்று தெரியாமல் வாசித்தால் பிழைதான். சாய்கோடும் அப்படியே.

ஆகவே, டேக்குகளைக் கையால் ஒட்டுப்போட்டுத் திருத்துவது தீர்வாகாது என்பது என் கருத்து. எந்த வடிவம் வேண்டும் என்பதை எந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். எக்ஸ்எஸ்எல்டி, தைம்லீஃப், ஹாமல் போன்றவற்றில் அதற்கான அமைப்பு உண்டு. ஜிஞ்சா போன்றவை நாம் எழுதியதை அப்படியே வெளியிடும். அங்கே பொறுப்பு நம்முடையது. நான் கடைசியில் இரண்டு வெளியீடுகளுக்கும் தனித்தனி முறை குறித்தேன், இரண்டும் சரியாயின.

கண்டிப்பான எக்ஸ்எம்எல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். உலாவி என் தவறை மன்னித்து மறைத்தது. எக்ஸ்எம்எல் எந்த வரியில் தவறு என்று காட்டியது. எனக்குப் பாடம் சொன்னது இரண்டாவதுதான்.

1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்னுரையாக்கத் தொடங்கியது. அடுத்த மாதமே எக்ஸ்எம்எல் 1.0 வெளிவந்தது. அத்தனை காலமாகத் தமிழ் கணினியில் இருக்கிறது. இன்று நாம் பக்கங்களைப் படமாக்கினால் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைச் சரியாகப் படிக்காது. பாட்டியும் எழுத்தை மட்டும் பெரிதாக்கிக்கொள்ள முடியாது.

நண்பர்களே, அடுத்த முறை திரையில் தமிழ் குலைந்தால் மொழியைப் பழிக்காதீர்கள். பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். ஒரு சாய்கோடாகவும் இருக்கலாம்.