முதுமைக்கு எதற்கு வறுமைச் சான்று?

கேரள நிதித்துறை 2024 நவம்பரில் வெளியிட்ட ஒரு தகவல் அந்த மாநிலத்தையே உலுக்கியது. ஏழைகளுக்கான சமூகநலப் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்தவர்களில் 1,458 பேர் அரசு ஊழியர்கள். கெசட்டட் அதிகாரிகளும் கல்லூரி உதவிப் பேராசிரியர்களும்கூட அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல் நகராட்சியின் 7ஆவது வார்டு செய்தியில் அடிபட்டது. அங்கே பென்ஷன் வாங்கிய 42 பேரில் 38 பேர் தகுதி இல்லாதவர்கள் என்று ஆய்வில் தெரியவந்தது. பிஎம்டபிள்யூ கார் வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு.

இப்படியொரு செய்தி வந்ததும் டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே குரல்தான் கேட்கும்: நிபந்தனையை இன்னும் இறுக்குங்கள், உண்மையான ஏழைக்கு மட்டும் கொடுங்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கேரளத்தில் நிபந்தனை இல்லாமல் இல்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது; அதற்குச் சான்றிதழும் வேண்டும். அந்த 1,458 பேரும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். எந்த மேசையில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று அறிந்தவர்களுக்கு எவ்வளவு இறுக்கமான நிபந்தனையும் பெரிய தடை இல்லை. தடுக்கி விழுகிறவர்கள் வேறு ஆட்கள்.

அந்த வேறு ஆட்களைத் தேடித் தமிழ்நாட்டில் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முதியோர் உதவித்தொகையில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடி மாநிலங்களில் ஒன்று. காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1962 ஏப்ரலில், மாதம் 20 ரூபாயுடன் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு தேசிய அளவில் இதைக் கையில் எடுத்தது 1995இல்தான். 2011இல் ஜெயலலிதா அரசு தொகையை 1,000 ரூபாயாக்கியது. 2023 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசு 1,200 ரூபாயாக்கியது. கிராமத்தில் இதற்குப் பெயர் ‘ஓஏபி பணம்’. விதவையர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கான திட்டங்களையும் சேர்த்தால் அப்போது சுமார் 30 லட்சம் பேர் பயனாளிகள்.

தொகை உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வாசல்தான் குறுகலாகவே இருக்கிறது. மனுதாரர் ஆதரவற்றவராக இருக்க வேண்டும். அரசு கொடுத்த இலவச வீட்டைக் கணக்கில் எடுக்காமல், சொத்து மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. இ-சேவை மையத்தில் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் சகிதம் மனுப் போட்டால், விஏஓ, ஆர்ஐ என்று விசாரணை போய், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் முடிவு சொல்வார்.

டெல்டாவில் எந்த ஊரிலும் இப்படி ஒரு பாட்டி இருப்பார். வயது 68. நாற்பது வருடம் நடவு நட்டு, களை பறித்து இடுப்பு ஒடிந்துவிட்டது. கணவர் பெயரில் இரண்டு சென்ட் மனைப் பட்டா; அதில் ஓட்டு வீடு. ஊருக்குப் பக்கத்தில் பைபாஸ் வந்த பிறகு வழிகாட்டி மதிப்பு ஏறிவிட்டதால் அந்த இரண்டு சென்ட்டே ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அங்கே வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் போக, அனுப்பினால் பணம், அனுப்பாவிட்டால் இல்லை. விசாரணைக்கு வருபவர் எழுத வேண்டியது இரண்டே வார்த்தை: ‘மகன் உள்ளார்’. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து மகனிடம் மாதம் 10,000 ரூபாய் வரை கேட்கலாம். ஆனால், 1,200 ரூபாய்க்காகப் பெற்ற பிள்ளையை விசாரணைக்கு இழுக்கும் தாய் எத்தனை பேர்?

மனு ஏற்கப்பட்டாலும் பாடு முடிவதில்லை. மாதாமாதம் பணம் எடுத்துக் கொடுக்க வரும் வங்கி முகவரின் கருவியில் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழாது. சேற்றிலும் சாம்பலிலும் தேய்ந்த கை. விரலைப் புடவையில் துடைத்து, எண்ணெய் தடவி, அடுத்த விரல், அதற்கடுத்த விரல் என்று பத்தும் பார்த்துவிட்டு, “ரேகை விழல பாட்டி, நாளைக்கு வாங்க” என்பார் முகவர். வறுமையை மட்டுமல்ல, தான் தான்தான் என்பதையும் அவர் நிரூபித்தாக வேண்டும்.

ஹரியானாவில் ஒரு முதியவர் உயிரோடிருப்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. ரோத்தக் மாவட்டத்தைச் சேர்ந்த அவருக்கு வயது 102. குடும்ப அடையாள அட்டைப் பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாகப் பதிவாகி, முதியோர் பென்ஷன் நின்றுபோனது. மாதக்கணக்கில் அலைந்து பார்த்துவிட்டு, 2022 செப்டம்பரில் மாப்பிள்ளை போல மாலை போட்டுக்கொண்டு, ரதத்தில் ஏறி, மேளதாளத்தோடு ஊர்வலமாகப் போனார். ‘உங்கள் மாமா உயிரோடுதான் இருக்கிறார்’ என்று ஒரு பலகை வேறு. அதன் பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். ஊர்வலம் நடத்த வசதியும் தெம்பும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

இது இந்திய நிர்வாகத்தின் கோளாறு, ஒழுங்கான நாட்டில் இப்படி நடக்காது என்று சொல்பவர்கள் பிரிட்டனில் அண்மையில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே குளிர்கால எரிபொருள் உதவித்தொகை என்று ஒன்று 1997 முதல் இருக்கிறது. குளிர் காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்க, முதியோர் உள்ள வீட்டுக்கு 200 பவுண்டு, 80 வயதைத் தாண்டியவர் இருந்தால் 300 பவுண்டு. பணக்காரர், ஏழை என்ற பேதம் இருந்ததில்லை. கோடீஸ்வரருக்கு எதற்கு இது என்று எல்லாரும் கேட்ட கேள்வியைத்தான் 2024 ஜூலையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸும் கேட்டார். இனி, ‘பென்ஷன் கிரெடிட்’ போன்ற வறுமைக்கால உதவிகளைப் பெறுபவருக்கு மட்டுமே இந்தப் பணம் என்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் ஒரு கோடிப் பேர் ஒரே அறிவிப்பில் பட்டியலிலிருந்து விழுந்தார்கள்.

சிக்கல் அந்தப் பென்ஷன் கிரெடிட்டிலேயே இருந்தது. அதை விண்ணப்பித்துத்தான் பெற முடியும்; விண்ணப்பத்தில் 243 கேள்விகள். தகுதி இருந்தும் அதைக் கோராத குடும்பங்கள் 8 லட்சத்துக்கு மேல் என்று அரசே சொன்னது. சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சிலருக்குக் கேட்கக் கூச்சம். சிலருக்குப் படிவத்தைப் பார்த்ததும் மலைப்பு. வருமானம் வாரத்துக்கு ஒரு பவுண்டு கூடுதலாக இருந்ததால் வரம்புக்கு வெளியே நின்றவர்கள் இன்னொரு கூட்டம். கோடீஸ்வரரைக் குறிவைத்த உத்தரவு ஏழையைத்தான் முதலில் தாக்கியது. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் ஆளும் தொழிற்கட்சி பலத்த அடி வாங்கியது. ஜூனில் அரசு பின்வாங்கியது.

பின்வாங்கிய விதம்தான் கவனிக்க வேண்டியது. எல்லாருக்கும் பழையபடி கொடுத்துவிடவில்லை. முதியவர்களுக்குப் பணம் தானாகப் போய்ச் சேரும். ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டியவரிடமிருந்து வருமானவரித் துறை அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எப்படியும் வரிக் கணக்கில் இருப்பவர்கள் அவர்கள். ஏழை எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம். வசதி இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, கதவுக்கு வெளியே நிற்கும் மூதாட்டியிடமிருந்து அரசின் கணினிக்கு மாறிவிட்டது.

மொரீஷியஸ் இந்தப் பாடத்தை வெகு முன்னரே படித்தது. அங்கே 1950இல் வந்த முதியோர் பென்ஷனுக்கு வருமான வரம்பு இருந்தது. 1958இல் அதைத் தூக்கிவிட்டு எல்லா முதியவருக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள். 2004இல் ஓர் அரசு சிக்கனம் கருதி வரம்பை மீண்டும் கொண்டுவந்தது. மறு ஆண்டே தேர்தலில் அது ஆட்சியை இழந்தது. அடுத்து வந்த அரசு வரம்பை நீக்கியது.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு? தமிழ்நாட்டிடமே சொந்த அனுபவம் இருக்கிறது. 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தபோது, இந்த மாநிலம் அதை ஏற்காமல் எல்லாருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. விலையில்லா அரிசி வாங்க ‘நான் ஏழை’ என்று யாரும் சான்று காட்டுவதில்லை. வசதி உள்ளவர்கள் தாங்களாகவே அரிசி வேண்டாம் என்று சர்க்கரைக் கார்டுக்கோ, பொருளில்லாக் கார்டுக்கோ போய்விட்டார்கள். மழையில் வரிசையில் நின்று ரேஷன் அரிசி வாங்க பங்களாக்காரர் வரமாட்டார் என்ற எளிய கணக்கு அது. அரிசிக்குக் கேட்காத சான்றை அதே பாட்டியிடம் உதவித்தொகைக்கு மட்டும் கேட்பது ஏன் என்பதற்கு இதுவரை தெளிவான பதில் இல்லை.

மத்திய அரசும் ஓரிடத்தில் இந்தப் பாதைக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபர் முதல், 70 வயது நிரம்பிய எவருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. ஆஸ்பத்திரிக்கு வயதுச் சான்று போதும் என்றால் அரிசி பருப்பு, மாத்திரை வாங்கும் பணத்துக்கும் அதுவே போதுமானதாக இருக்க முடியும்.

பணம் எங்கே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் ஒரு கோடிப் பேருக்கு மாதம் 1,200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 14,400 கோடி ரூபாய். கடன் சுமை ஏற்கெனவே அதிகம் உள்ள மாநிலத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. ஆனால், 30 லட்சம் பேருக்குக் கொடுப்பதற்கே, இதே கணக்கில், 4,300 கோடிக்கு மேல் ஆகிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 13,000 கோடிக்கு மேல் ஒதுக்கவும் அரசால் முடிந்திருக்கிறது. அரசு ஓய்வூதியம் பெறுவோரையும் வருமானவரி கட்டுவோரையும் கழித்துவிட்டால், அந்த 14,400 கோடியில் கணிசமான பகுதி குறையும்.

அந்த உரிமைத் தொகைத் திட்டமே ஒரு வழியையும் காட்டுகிறது. அதில் ‘ஆதரவற்றவள்’ என்று எந்தப் பெண்ணும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் கூடாது, கார் கூடாது என்று, யாருக்கு இல்லை என்பதைப் பெரும்பாலும் வெளிப்படையான அடையாளங்களால் சொன்னார்கள். 1.63 கோடி விண்ணப்பங்களில் 1.06 கோடி ஏற்கப்பட்டன. நிராகரிக்கப்பட்டவர்களின் முறையீடுகளும் குவிந்தன என்பது உண்மை. ஆனாலும், ஒரு கோடிப் பேரைச் சில மாதங்களில் இப்படிப் பிரித்தெடுக்க முடிந்தது என்பதும் உண்மை.

முதியோர் உதவித்தொகைக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. மூன்றே கேள்வி போதும்: அரசு ஓய்வூதியமோ குடும்ப ஓய்வூதியமோ வருகிறதா, வருமானவரி கட்டுகிறாரா, வயது ஆகிவிட்டதா? மூன்றுக்கும் பதில் அரசிடமே இருக்கிறது. கருவூலம், வரித்துறை, ஆதார். இந்த மூன்றையும் தாண்டிச் சில பணக்காரர்கள் உள்ளே வருவார்கள், மறுப்பதற்கில்லை. பெரிய நிலக்கிழாரின் தாயாருக்கு மாதம் 1,200 ரூபாய் போகலாம். இன்றைய முறையில் பசியோடு வெளியே நிற்பவர்களோடு ஒப்பிட்டால் அது தாங்கக்கூடிய தவறு. கேரளத்தின் 1,458 பேரும் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான் சிக்கினார்கள். வருமானச் சான்று அவர்களைப் பிடிக்கவில்லை.

ஹரியானா முதியவரின் ஊர்வலம் இதற்கு ஒரு நிபந்தனை போடுகிறது. கணினி சொன்னது என்பதற்காகப் பணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்துவதற்கு முன் ஓர் ஊழியர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். காரணத்தைத் தமிழில் எழுத்தாகக் கொடுக்க வேண்டும். முறையீடு முடியும்வரை பணம் போய்க்கொண்டிருக்க வேண்டும். ரேகை விழாதவருக்குத் தபால்காரரோ முகவரோ கையெழுத்தின் பேரில் வீட்டிலேயே பணம் கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

மத்திய அரசின் பங்கு இன்னொரு கதை. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயது வரையிலானவருக்கு டெல்லி கொடுப்பது மாதம் 200 ரூபாய். 2006 முதல் அதே தொகை. ழான் திரேஸ் உள்ளிட்ட 60 பொருளாதார அறிஞர்கள் 2017 டிசம்பரில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லிக்குக் கடிதம் எழுதி, குறைந்தது 500 ஆக்குங்கள் என்றார்கள். எதுவும் நடக்கவில்லை. நாடு முழுக்க சுமார் 2.2 கோடிப் பேர் என்ற உச்சவரம்பும் அப்படியே நிற்கிறது. மாநிலத்தின் நிதிச்சுமையைப் பற்றிப் பேசும்போது இந்த 200 ரூபாயையும் சேர்த்தே பேச வேண்டும். ஜிஎஸ்டி பங்குக்காகக் குரல் கொடுக்கும் எம்.பி.க்கள் இதற்கும் கொடுக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதல் ஆண்டில் 75 வயது கடந்த அனைவருக்கும் சொத்து நிபந்தனையையும் ‘மகன் உள்ளார்’ குறிப்பையும் நீக்கலாம். அந்த வயதில் கூலி வேலைக்குப் போக முடிபவர்கள் குறைவு. மறுக்கப்பட்ட பழைய மனுக்கள் தாலுகா ஆபீஸ்களிலேயே கிடக்கின்றன, அவற்றிலிருந்தே தொடங்கலாம். ஓராண்டில் செலவு எவ்வளவு கூடியது, தகுதியில்லாதவர் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை மாவட்டவாரியாகச் சட்டமன்றத்தில் வைக்கட்டும். கணக்கு சரியாக இருந்தால் அடுத்த பட்ஜெட்டில் 70, அதற்கடுத்து 65 என்று வரம்பைக் கீழே கொண்டுவரலாம்.