பாதரசத்தை அளக்கும் கருவி யார் கையில் இருக்க வேண்டும்?

நீரில் கலந்த நச்சு உலோகத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடங்கள் இருக்கும்போது பொதுமக்களுக்கு எதற்குத் தனிக் கருவி என்று கேட்போர் இருக்கிறார்கள். படித்தவர்களே இப்படிக் கேட்பதுதான் வருந்தத்தக்கது. அவர்களுக்குக் கொடைக்கானலை நினைவூட்ட விரும்புகிறேன்.

அங்கே இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை இயங்கி வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதிக் காயலான் கடையில் கிடந்ததை, 2001ஆம் ஆண்டு ஊர்மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் அம்பலப்படுத்தினார்கள். ஆலை அவ்வாண்டே மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேர் தொடர்பான உடன்பாடு ஏற்பட்டதோ 2016இல்தான்!

அன்று மக்கள் கண்டது கண்ணுக்குத் தெரிந்த பாதரசம். நீரில் கரைந்த பாதரச அயனியைக் கண்ணும் அறியாது, நாவும் அறியாது. இந்தியக் குடிநீர்த் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. இத்துணைச் சிறிய அளவை எப்படி அறிவது?

அதற்கு மின்வேதியியல் உணரி உண்டு. மின்முனையை நீரில் அமிழ்த்தி உரிய மின்னழுத்தம் கொடுத்தால், உலோக அயனிகள் அதன்மேல் படியும். பின்னர் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தத்தில் கரைந்து பிரியும். அப்போது பாயும் மின்னோட்டம் அதன் அளவைக் காட்டிவிடும். முன்பெல்லாம் இம்முறைக்குப் பாதரச மின்முனையையே பயன்படுத்தினார்கள். நஞ்சைத் தேடவும் நஞ்சு! இன்று தங்க நானோ துகள்களும் கார்பன் நானோ குழாய்களும் வந்துவிட்டன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு பெருகும். பாதரசத்தோடு எளிதில் கலக்கும் தங்கத்திற்கு, அதைப் பற்றிக்கொள்ள இடமும் மிகும்.

அறிவியல் இவ்வளவு தூரம் வந்திருக்க, இக்கருவிகளில் பல ஏன் ஆய்வுக் கட்டுரைகளோடு நின்றுவிடுகின்றன? தூய நீரில் பாதரச உப்பைக் கரைத்து அளந்து, மிக நுண்ணிய அளவையும் கண்டுவிட்டோம் என்று பெருமை கொள்வதில் ஊருக்கு என்ன பயன்? ஏரி நீரிலுள்ள மக்கிய இலைதழைப் பொருள்கள் மின்முனையை மூடிக்கொள்ளும். செம்பு அயனி குறுக்கிடும். கரிமப் பொருளோடு பிணைந்த பாதரசம் கணக்கில் வராமலே நழுவும். இவற்றை வென்று காட்டுவதே உண்மையான தேர்வு. அத்தேர்வை எழுதாத கருவிக்கு மதிப்பெண் கொடுப்பது முறையா?

மக்கள் தவறாக அளந்து வீண் பீதி கிளப்புவார்கள் என்பது அடுத்த வாதம். எங்கள் குவீன்ஸ்டவுன் வட்டாரத்து முதியவர்கள் பலர் விரல்நுனிச் சொட்டு இரத்தத்தில் சர்க்கரையை வீட்டிலேயே அளக்கிறார்கள். அதுவும் மின்வேதியியல் உணரிதான். அளவு மிகுந்தால் அவர்கள் பீதி கிளப்புவதில்லை, மருத்துவரிடம் போகிறார்கள். ஊரார் கையிலுள்ள உணரியும் அவ்வாறே முதல் எச்சரிக்கையைத் தரட்டும். ஆய்வுக்கூடம் அதை உறுதி செய்யட்டும்.

காய்ச்சலை வீட்டிலேயே அளக்க உலகுக்கு வெப்பமானி செய்து கொடுத்தது கொடைக்கானல். அவ்வூர் மக்கள் தங்கள் நீரைத் தாங்களே அளந்து பார்க்கக் கருவி கேட்டால், அது அதிகப்படியான ஆசையா? ஆய்வாளர்களும் அவர்களுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகளும் பதில் சொல்லட்டும்.