தேமாவின் மணலில் ஒரு விரல்



பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமப் பாடம் தொடங்கியதும் நமக்குத் தவறாமல் வரும் கேள்வி இது: "பள்ளியில் ஒன்று சொல்கிறார்கள், வேதபாடத்தில் வேறொன்று சொல்கிறார்கள். எதை நம்புவது?" நாம் வாழும் இந்த நாட்டிலேயே கிடைத்த ஓர் எலும்பை வைத்து இந்த மாதம் யோசிப்போம்.

யான்புவுக்கு வடகிழக்கே, தைமாவைத் தாண்டினால் நெஃபூத் பாலைவனம். (யோபு புத்தகத்தில் வரும் தேமா இந்தத் தைமாதான்.) அங்கே அல் வுஸ்தா என்ற இடத்தில் 2016-ல் ஒரு விரல் எலும்பு கிடைத்தது. நீளம் 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். 2018-ல் ஆய்வு வெளிவந்தது: அது நம்மைப் போன்ற மனிதனுடையது, வயது ஏறத்தாழ 85,000 முதல் 90,000 வருஷம்.

இத்தனை சிறிய எலும்பை வைத்து எப்படிச் சொன்னார்கள்? அதை நியாண்டர்தால் மனிதர், குரங்குகள் ஆகியோரின் விரல்களோடு ஒப்பிட்டார்கள். நம் விரலைப் போலவே நீண்டு ஒல்லியாக இருந்தது. எலும்பில் நுண்துளையிட்டு, உள்ளே யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று அளந்தார்கள். மணல்துகள்கள் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்பதையும் தனியே கணக்கிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போயின. கூடவே ஏரிப் படிவும் நீர்யானை எலும்பும்! இன்று ஒட்டகமே தண்ணீருக்குத் தவிக்கும் இடத்தில்.

ஆகவே "எல்லாம் ஊகம்" என்று இதைத் தள்ளிவிடுவது நேர்மையல்ல. ஆனால் அந்த மனிதன் ஜெபித்தானா, சகோதரனை அடித்தானா? விரலில் அதற்கு விடை இல்லை. அங்கேதான் விஞ்ஞானியும் கவனமாக இருக்க வேண்டும். ரேமண்ட் டார்ட் என்பவர் தென்னாப்பிரிக்கக் குகை எலும்புகளைப் பார்த்துவிட்டு, நம் ஆதி மூதாதையர் கொலைவெறி பிடித்தவர்கள் என்று 1953-ல் எழுதினார். பின்பு பாப் பிரெய்ன் என்பவர் அத்தகைய குகை எலும்புகளைப் பொறுமையாக ஆராய்ந்தார். ஒரு மண்டையோட்டில் இருந்த இரண்டு துளைகள் சிறுத்தையின் கோரைப்பற்களோடு பொருந்தின. கொலைகாரன் என்று எண்ணப்பட்டவன் உண்மையில் இரையாகியிருந்தான்.

வேதாகமத்தையும் நாம் சிலவேளை அப்படி அவசரமாக வாசிக்கிறோம். உலகம் கி.மு. 4004-ல் உண்டானது என்று எந்த வசனமும் சொல்வதில்லை. அது 17-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் போட்ட கணக்கு. ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சாகி, வசனம்போலவே மனதில் பதிந்துவிட்டது. ஆதாமை இந்த விரலோடு எப்படிப் பொருத்துவது என்பதில் விசுவாசிகளுக்குள்ளே ஒரே பதில் இல்லை. இருப்பதாக உங்களிடம் சொல்லமாட்டோம். மனிதன் மண்ணானவன், ஆனாலும் தேவசாயல் உடையவன் என்பதை ஆதியாகமம் சொல்கிறது. யுரேனியக் கணக்கு அதைத் தொடுவதில்லை.

இன்னொரு செய்தி. 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடாரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் ஆதி மனிதனைத் தேடும் வேலையைத் தொடங்கிவைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். அவருடைய மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் ஐயர்! அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னென்ன பேசியிருப்பார்களோ, கேட்க நமக்கு ஆசைதான்.

அடுத்த கூடுகையில் ஆதியாகமம் முதல் இரண்டு அதிகாரங்களை வாசிப்போம். உயிரியல் புத்தகத்தையும் கையோடு கொண்டுவாருங்கள்.