நியமன ஆணையில் இருக்க வேண்டிய வரி

கருவுற்றதை மேலாளரிடம் எப்போது சொல்வது என்று கணக்குப் போடும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ‘நின்னுக்கோம்மா, குழந்தை பிறந்ததும் பார்க்கலாம்’ என்பதுதான் பல கடைகளில் பதில். பேச்சு கனிவானது, செயல் சட்டவிரோதம்.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில் 12 வாரமாக இருந்த விடுப்பு, 2017 திருத்தத்தில் 26 வாரமானது, சம்பளத்தோடு. முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கும் இது பொருந்தும். சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த அளவு மாறவில்லை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்: குறையுமே தவிர, இல்லாமல் போகாது. தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இந்தக் காரணத்தால் விடுப்பு மறுக்கப்பட்டபோது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஊழியருக்கு 12 மாத விடுப்பு தரும் அரசு அதை எதிர்த்து வாதாடியது விநோதம்தான்.

இ.எஸ்.ஐ. உள்ள இடத்தில் பணத்தைக் கழகம் தருகிறது. இல்லாத இடத்தில் முழுச் சுமையும் முதலாளி தலையில். அதனால்தான் புதிதாகத் திருமணமானவர் என்றாலே நேர்காணலில் முகம் மாறுகிறது. இச்செலவில் அரசும் பங்கேற்காமல் இது தீராது.

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலையில் சேரும்போதே இந்த உரிமைகளை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது 2017 திருத்தம். ஆய்வுக்குப் போகும் தொழிலாளர் துறை அதிகாரிகள் முதலில் அந்தத் தாளைக் கேட்கட்டும்.