காணாமற்போன குழந்தையும் கதை கட்டும் ஊரும்

எங்கோ ஆள் அரவமற்ற காட்டுப் பிரதேசத்தில் ஒரு சின்னஞ்சிறு குழந்தை காணாமற்போய்விட்டது என்று செய்தி வருகிறது. உடனே என்ன நடக்கிறது? தேடுவதற்குப் போகிறவர்கள் நூறு பேர் என்றால், இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்கிறவர்கள் நூறாயிரம் பேர். "தாயின் முகத்தைப் பார்த்தால் அழுத முகமாகத் தெரியவில்லையே" என்கிறார் ஒருவர். "தகப்பன் பேச்சில் ஏதோ மறைப்பு இருக்கிறது" என்கிறார் இன்னொருவர். அந்த மண்ணை இவர்கள் கண்டதில்லை. அந்தக் குடும்பத்தோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் குற்றவாளி யார் என்பது மட்டும் இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது!

வேடிக்கைப் பேச்சுதானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று நாம் இதைத் தள்ளிவிட முடியாது. இந்தப் பேச்சு ஒரு நாட்டில் நிரபராதியான தாயைச் சிறைக்கு அனுப்பியது. நம் நாட்டில் பிழைக்க வந்த ஏழைகளை அடித்தே கொன்றிருக்கிறது. பிழைக்க வந்தவர்களாகிய நாம் இதைப் பற்றிச் சிந்திக்காமல் வேறு யார் சிந்திப்பது?

முதலில் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பார்ப்போம். 1980 ஆகஸ்டு 17. அந்நாட்டின் நடுவே, பாலைநிலத்தில், உலுரு என்னும் மாபெரும் செம்பாறை இருக்கிறது. அதன் அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் ஒன்பது வாரக் கைக்குழந்தை அசாரியா அன்றிரவு காணாமற்போனாள். டிங்கோ எனப்படும் காட்டுநாய் குழந்தையைக் கவ்விக்கொண்டு போய்விட்டதென்று தாய் லிண்டி சேம்பர்லேன் அலறினார். அங்கே தங்கியிருந்தவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகச் சுமார் 300 பேர் இருட்டில் தேடினார்கள். அந்த மண்ணின் ஆதிக்குடி மக்கள் மணலில் பதிந்த தடம் பார்த்தே விலங்கின் போக்கைச் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் டிங்கோவின் தடத்தைக் கண்டார்கள். டிங்கோக்கள் மனிதர்களிடம் அச்சமற்றுப் போய்விட்டன, சிறு குழந்தைகள் அவற்றுக்கு இரையாகக்கூடும் என்று அப்பகுதியின் தலைமை வனக்காவலர் முன்கூட்டியே மேலிடத்துக்கு எழுதியும் இருந்தார்.

அந்த இடத்தை அறிந்தவர்கள் அனைவரும் தாயின் சொல்லை நம்பினார்கள். நம்பாதவர்கள் யார்? 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சிட்னி போன்ற நகரங்களில் உட்கார்ந்திருந்தவர்கள்! டிங்கோ எப்படியிருக்கும் என்பதை அவர்களில் பலர் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். நாயாவது, குழந்தையைத் தூக்குவதாவது என்று சிரித்தார்கள். பிறகு கதைகள் கிளம்பின. அசாரியா என்ற பெயருக்கு 'வனாந்தரத்தில் பலி' என்று பொருளாம். உண்மையில் அது கடவுளின் துணை பெற்றவர் என்று பொருள்படும் எபிரேயப் பெயர். குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டார்களாம், ஆகவே அது நரபலியாம். அந்தக் குடும்பம் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் என்னும் சிறுபான்மைக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. அதைப் பற்றி ஊராருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத சபை என்பதே போதுமான சாட்சியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாய் தொலைக்காட்சியில் போதுமான அளவு அழவில்லையாம்! எவ்வளவு அழுதால் போதும் என்று அளந்து வைத்திருப்பவர்கள் யார்?

கறுப்பாக வாந்தி எடுத்தான் என்ற சேதி நாலு தெரு தாண்டுவதற்குள், காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று மாறிப்போன கதை நம் பாட்டிமார் சொன்னதுதான். அங்கே அந்தக் காக்கை நீதிமன்றத்துக்குள்ளேயே பறந்து போய்விட்டது.

முதல் விசாரணை அதிகாரி 1981 பிப்ரவரியில், டிங்கோதான் குழந்தையைக் கொண்டுபோனது, பெற்றோர்மீது குற்றமில்லை என்று அறிவித்தார். வதந்தியின் கொடுமையை உணர்ந்து அந்த முடிவைத் தொலைக்காட்சியிலேயே நேரடியாக ஒலிபரப்பச் செய்தார். ஊர் வாய் அடங்கவில்லை. மறுவிசாரணை வந்தது. காரில் குழந்தையின் ரத்தம் இருந்தது என்று அரசுத் தரப்பு நிபுணர்கள் சொன்னார்கள். 1982 அக்டோபர் 29 அன்று தாய்க்கு ஆயுள் தண்டனை. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. அடுத்த மாதமே காவலில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். மேல்முறையீடும் தோற்றது.

உண்மை வெளிவந்தது எப்படி? 1986-இன் தொடக்கத்தில் உலுருப் பாறையிலிருந்து விழுந்து இறந்த ஓர் ஆங்கிலேயப் பயணியின் உடலைத் தேடியவர்களுக்கு, டிங்கோக்களின் வளைகள் இருக்கும் பகுதியில் குழந்தையின் சிறு மேற்சட்டை கிடைத்தது. தாய் சொன்னபடியே சட்டை இருந்தது! அந்தப் பிப்ரவரியிலேயே அவர் விடுதலையானார். காரில் ரத்தம் என்று சொல்லப்பட்டது, பெரும்பாலும் தொழிற்சாலையில் சத்தம் குறைப்பதற்காகத் தெளிக்கப்பட்ட பூச்சு என்பது அதன்பின் நடந்த அரச விசாரணையில் தெரியவந்தது. 1988 செப்டம்பர் 15 அன்று தண்டனை ரத்தானது. டிங்கோவே காரணம் என்று 2012 ஜூன் 12 அன்றுதான் இறப்பு விசாரணை இறுதியாக முடிவு கூறியது. ஏறக்குறைய 32 ஆண்டுகள்!

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சிறு சட்டை ஐந்தாண்டுகளுக்கும் மேலாக அதே மண்ணில்தான் கிடந்தது. தாயின் கண்ணீரை அளந்துகொண்டிருந்த நாடு, டிங்கோவின் வளைப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தடம் பார்த்த ஆதிக்குடி மக்களின் சொல்லுக்கு வழக்கில் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. வதந்தி செய்யும் முதல் கேடு இதுதான்: தேட வேண்டிய இடத்திலிருந்து கண்ணைத் திருப்பிவிடுகிறது. இரண்டாவது கேடு, உண்மையான ஆபத்து அப்படியே இருந்துவிடுகிறது. 2001 ஏப்ரலில் அதே நாட்டின் ஃப்ரேசர் தீவில் ஒன்பது வயதுச் சிறுவன் டிங்கோக்களால் கொல்லப்பட்டான்.

அது வெள்ளைக்காரர் நாட்டுக் கதை, நமக்கென்ன என்று கேட்பீர்களா? நம் நாட்டுக்கு வருவோம்.

'பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்' என்று சொல்லிச் சோறூட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பம்பாய்க்கு வந்தபின் அவனையே 'பச்சா சோர்' என்று இந்தியில் கேட்டுப் பழகிவிட்டோம். 2018-இல் அந்தப் பிள்ளை பிடிக்கிறவன் கைப்பேசிக்குள் புகுந்தான். குழந்தைக் கடத்தல் பற்றி எச்சரிப்பதற்காகப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட ஒரு விளம்பரப் படத்தை, கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, நம் ஊரில் நடந்ததென்று பரப்பினார்கள். விளைவு என்ன?

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் வேறு யாருமல்லர், நம் தமிழ் மக்களே. இதை மறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. அதே மாதம் பெங்களூரில், ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்த ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். ஜூலை 1 அன்று, நாம் வாழும் இதே மகாராஷ்டிர மாநிலத்தின் துலே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில், நாத்பந்தி தாவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் கொல்லப்பட்டனர். சந்தைக்கு வந்த இடத்தில் ஒரு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தார்கள் என்பதே அவர்கள் செய்த 'குற்றம்'. பஞ்சாயத்து அலுவலகத்துக்குள் அடைத்து வைத்தே அடித்தார்கள். 2020 ஏப்ரலில் பால்கர் மாவட்டத்தில் இரண்டு சாதுக்களும் அவர்களுடைய வண்டி ஓட்டுநரும் அதே வதந்திக்குப் பலியானார்கள்.

மாண்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். அனைவரும் அந்த ஊருக்கு அந்நியர்கள். பிழைக்க வந்தவர்கள், வழிப்போக்கர்கள், பிச்சை கேட்டு நடப்பவர்கள். வதந்தி ஒருபோதும் மாடி வீட்டுக் கதவைத் தட்டுவதில்லை. வேற்றுமொழி பேசுகிறவனைத்தான் தேடிப் பிடிக்கிறது. 1960-களின் பிற்பகுதியில் இதே பம்பாயில் 'மதராசி' என்ற ஒற்றைச் சொல்லே குற்றப்பத்திரிகையாக இருந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி அடிபட்ட நாம், இன்று பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நம் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் தொழிலாளியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கலாமா?

"அப்படியானால் குழந்தை காணாமற்போனால் யாரும் வாயே திறக்கக் கூடாதா? போலீஸ் சொல்வதை அப்படியே நம்ப வேண்டுமா?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாய் திறக்க வேண்டும், உரக்கவே திறக்க வேண்டும். டில்லியை அடுத்த நொய்டாவில் நிதாரி என்ற ஊரைப் பாருங்கள். அங்கே கூலி வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமற்போனார்கள். பெற்றோர் கொடுத்த புகார்களைக் காவல்துறை பொருட்படுத்தவில்லை. 2006 டிசம்பரில் சாக்கடையிலிருந்து எலும்புகள் எடுக்கப்பட்ட பிறகே நாடு விழித்தது. விழித்த நாடு என்ன செய்தது? கண்டபடி கதை பேசிற்று. கடைசியில், மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த இருவரையும் 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுவித்தது. புலனாய்வு நடந்த விதத்தையும் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஏழைகளுக்கு நீதியும் இல்லை, விடையும் இல்லை.

பேச வேண்டிய நேரத்தில் மௌனம், தேட வேண்டிய நேரத்தில் வம்பு. இரண்டுமே ஏழைக் குழந்தைக்குச் செய்யும் துரோகந்தான்.

கேள்வி வேறு, கதை வேறு. பதில் சொல்லக் கடமைப்பட்டவனை நோக்கிக் கேட்பது கேள்வி. பதில் சொல்ல வழியற்றவன் தலையில் சுமத்துவது கதை. "ஏன் இன்னும் வழக்குப் பதியவில்லை? எந்தெந்த இடத்தில் தேடினீர்கள்? அந்த இடத்தை அறிந்த மக்களைக் கேட்டீர்களா?" என்று காவல் நிலையத்தில் நின்று கேட்போம். "அவள் வேலைக்குப் போனதால்தானே பிள்ளை தொலைந்தது" என்று குழாயடியில் நின்று பேச மாட்டோம். நம் தாய்மார்கள் வேலைக்குப் போகாவிட்டால் எத்தனை வீட்டில் அடுப்பெரியும் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இதுதான். குழந்தையைக் காணோம் என்றால் ஒரு நாள் பொறுத்துப் பார் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. காணாமற்போன குழந்தை பற்றிய புகாரைக் கடத்தல் என்றே கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2013 மே 10 அன்று ஆணையிட்டிருக்கிறது. எங்கள் எல்லைக்குள் வராது என்று காவல் நிலையம் திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம். அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இரவும் பகலும் உண்டு. மராத்தியிலோ இந்தியிலோ எழுதத் தெரியாதவர்கள் நம் சங்கத்தாரை அழைத்துக்கொண்டு போங்கள். அதற்குத்தானே சங்கம்!

கைப்பேசியில் 'பிள்ளை பிடிக்கும் கும்பல்' என்று படம் வந்தால் உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகப்படும்படி யாரையாவது கண்டால் போலீசை அழையுங்கள், கை நீட்டாதீர்கள். கும்பல் கூடினால், அடிபடுகிறவனுக்கும் கும்பலுக்கும் நடுவே நம் ஆள் ஒருவராவது நிற்க வேண்டும். 2018 ஜூலை 17 அன்று உச்சநீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னது. அந்த அதிகாரி யார், எங்கே இருக்கிறார் என்று கேட்பதும் நம் வேலையே.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இருக்கட்டும். நம் வாய் நம் கையில்தானே இருக்கிறது! பிள்ளையைத் தொலைத்த தாயின் வாசலில் தீர்ப்போடு போய் நிற்க வேண்டாம். கையில் விளக்கோடு போய் நிற்போம், அவளோடு சேர்ந்து தேடுவோம்.