பழையதென்று தள்ளலாமா?

'அப்டேட் போட்டதும் மடிக்கணினி கெட்டுவிட்டது' என்ற புலம்பல் இன்று வீட்டுக்கு வீடு கேட்கிறது. உடனே புதியது வேண்டுமென்று பெற்றோரை நச்சரிப்பது முறையன்று என்பதே எங்கள் எண்ணம்.

எங்கள் அக்காவின் பழைய மடிக்கணினியில் அப்டேட் பாதியில் நின்றது. பொறுமையிழந்து நாங்களே பவர் பட்டனை அழுத்தி அணைத்தோம். (குற்றவாளிகள் நாங்கள்தாம்!) மறுபடி திரை எழவில்லை. "இதன் ஆயுள் முடிந்தது, பாப்பா" என்றார் கடைக்காரர். அம்மாவின் முகம் வாடியது. மறுநாள் விடாமல் முயன்றோம். இரண்டு மூன்று முறை தோற்றபின் பழுதுநீக்கும் திரை தானே வந்தது. அதில் கடைசி அப்டேட்டை நீக்கினோம், எழுந்துவிட்டது! உள்ளே பார்த்தால் சி டிரைவ் நிறையக் கல்யாண வீடியோக்கள். அப்டேட்டுக்கு இடம் ஏது?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும். அவை இல்லாத கணினியும் குப்பையன்று. லினக்ஸை இலவசமாகப் போடலாம். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு நாங்களும் அதையே செய்தோம். அது எழுவதற்குள் ஒரு ஜடை பின்னி முடித்துவிடலாம், அவ்வளவுதான் குறை.